பெட்ரோல் மட்டும்

எங்கள் வீட்டில் டீசல் வாடை இல்லாத இடம் பூஜை அறை மட்டும்தான். அங்கேயும் அப்பா படத்துக்குப் பக்கத்தில் நின்றால் லேசாக வருகிறது என்பாள் என் மனைவி. திருச்செங்கோட்டுக்கு வெளியே சங்ககிரி ரோட்டில் எங்கள் வீடும் யார்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. போர்வெல் ரிக் வண்டி இரண்டு, அவற்றோடு குழாய் ஏற்றிப் போகும் லாரி இரண்டு, ஒரு பிக்கப். யார்டு மூலையில் டீசல் பேரல்கள். விடியற்காலை எழுந்ததும் இருபது லிட்டர் கேனையும் புனலையும் எடுத்துக்கொண்டு, நிற்கிற வண்டிக்கெல்லாம் ஊற்றுவது அப்பா காலத்துப் பழக்கம். கேட்டைத் தாண்டுகிற வண்டி டேங்க் நிரம்பித்தான் தாண்ட வேண்டும் என்பது அவர் சட்டம். அவர் போன பிறகு அந்தச் சட்டமும் கேனும் என்னிடம் வந்தன. கை நீட்டும் குணம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

நான் அடிக்கிறவன். இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் ஒரு கிராமத்தில், தண்ணீர் வரவில்லை என்று வண்டியை மறித்தவனைக் குழாய்ச் சாவியால் அடித்து முன்பல் இரண்டை உதிர்த்திருக்கிறேன். பள்ளிபாளையம் பாலத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தவனை இறங்கிப் போய் அவன் ஹெல்மெட்டோடு சேர்த்துக் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறேன். அடித்து முடித்ததும் எனக்குப் பசிக்கும். அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவேன். அப்பா எங்களை அடிப்பதற்கென்றே கம்ப்ரசரின் பழைய ஃபேன் பெல்ட் ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அவரும் எங்களை அடித்த அன்று இரண்டு தரம் சோறு வாங்குவார். ரத்தத்தில் ஊறியது என்று இதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன்.

எனக்கு ஒரே தம்பி, ஐந்து வயது இளையவன். ஆட்டோமொபைல் படித்துவிட்டு வெளியே எங்கும் போகாமல் எங்கள் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் உயர்த்தத் தெரியாதவன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூடப் பக்கத்தில் வந்து காதோடுதான் பேசுவான். அவனுக்கு முப்பத்துநாலு வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் இது புதுக்கதை இல்லை. தெருவுக்கு நாலு பையன்கள் அப்படி இருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் குறைவு, இருக்கிறவர்களும் படித்துவிட்டார்கள், மாசக்கணக்கில் வெளி மாநிலத்தில் கிடக்கும் ரிக் குடும்பத்துக்கு வர அவர்களுக்கு மனசில்லை. ஆறு வருஷம் பார்த்தோம். கடைசியில் தரகர்தான் சொன்னார்.

"ரிக்கு இருக்குது, லாரி இருக்குது, எல்லாஞ் செரிங்க. ஊட்டுல பொம்பளைங்க உக்காந்து போறதுக்கு ஒரு காரு வேணுமுங்க. பொண்ணூட்டுல மொதல்ல அதத்தான் கேக்கறாங்க."

ஆக, என் தம்பிக்குப் பெண் கிடைப்பதற்காகத்தான் அந்தக் கார் வந்தது. சேலத்து ஷோரூமுக்கு இரண்டு பேரும் போனோம். டீசல் கார் எடுப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் யார்டுக்குள் அதுவரை பெட்ரோலில் ஓடிய ஒரே பொருள் என் மனைவியின் ஸ்கூட்டர். தம்பி பெட்ரோல் கார்தான் என்றான். மாதத்துக்கு நாலு தடவை கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போகிற வண்டிக்கு டீசல் எதற்கு, சத்தமும் அதிர்வும் இல்லாமல் இது போதும் என்று பொறுமையாக விளக்கினான். சிறிய காரும் இல்லை, பெரிய காரும் இல்லை. பின்னால் தனி டிக்கி வைத்த நாலரை மீட்டர் நீள வண்டி. ஆயிரத்து ஐந்நூறு சிசி, நாலு சிலிண்டர், நூற்றிருபது குதிரை சக்தி, ஆறு கியர், நாற்பது லிட்டர் டேங்க். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, விற்கிற பையன் தன் வேலையை இவனே பார்த்துக்கொள்கிறான் என்று காபி குடிக்கப் போய்விட்டான்.

நான் வழக்கம்போல நக்கல் செய்தேன். எங்கள் ரிக்கின் கம்ப்ரசர் இன்ஜின் இந்தக் காரைவிட உயரம். முன்பக்க பானெட்டை விரலால் அமுக்கினால் உள்ளே போனது. இது என்னடா தகர டப்பா, எருமை முட்டினால் தாங்குமா என்றேன். தம்பி சிரித்தான். தாங்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்றான். மோதினால் முன்பக்கம் மடிந்து நசுங்க வேண்டும். நசுங்க நசுங்க அந்த அடியின் வேகம் அதிலேயே தீர்ந்துபோகும். ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் கெட்டியான இரும்பு. "வாங்குற அடியெல்லாம் இதுவே வாங்கிக்குமுங்ணா, உள்ள இருக்கறவங்களுக்குப் போகாது" என்று பானெட்டைத் தடவினான். லாரி ஓட்டிப் பழகியவனுக்கு இது புரியாது. லாரியில் நசுங்குவது எதிரில் வருகிறவன்தான்.

வண்டி வந்த பிறகு எனக்கும் அதற்கும் ஒத்துவரவே இல்லை. டீசல் வண்டி கீழ் வேகத்திலேயே இழுக்கும். கிளட்சை விட்டால் போதும், மலையைக்கூட இழுத்துக்கொண்டு கிளம்பும். பெட்ரோல் இன்ஜினுக்கு இழுவை மேலேதான் இருக்கிறது. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தொட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். நான் லாரிப் பழக்கத்தில் சட்டுசட்டென்று மேல் கியருக்குப் போய்விடுவேன். வண்டி மூச்சுத் திணறும். நான் அதன் தாயைத் திட்டுவேன். ஒரு நாள் சங்ககிரி மேட்டில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அதே கியரில் விடுங்கண்ணா, அது சத்தம் போட்டால் போடட்டும் என்று இரண்டாம் தடவையாகச் சொன்னான். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாயா என்று முழங்கையால் அவன் விலாவில் ஓர் இடி இடித்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேட்டைத் தாண்டியதும், சிவப்பு விளக்கு எரிகிறது, சீட் பெல்ட்டைப் போடுங்கள் என்றான்.

கார் வந்த மூன்றாம் மாதம் பெண் அமைந்தது. ராசிபுரம் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பம், பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. இரண்டு பேரும் போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. அந்த ஒரு மாதம் என் தம்பி யார்டில் பாட்டு முனகிக்கொண்டு திரிந்ததை நானே கேட்டேன். உப்புச்சர்க்கரை மாற்ற நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தை அப்படித்தான் சொல்வோம். இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் திருச்செங்கோட்டிலேயே குடியிருக்கிறார். மரியாதைக்கு அவரை எங்கள் காரிலேயே முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவது என்று முடிவானது.

அன்று காலை தம்பி ஓட்டினான். அவன் பக்கத்தில் மாமன், பின்னால் நானும் என் மனைவியும். உறவுக்காரர்கள் இரண்டு வேனில் பின்னால் வந்தார்கள். டிக்கியில் தாம்பாளங்கள். ஐந்நூறு லிட்டர் டிக்கி என்று தம்பி சொன்னபோது டிக்கியை எதற்கடா லிட்டரில் அளக்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். அன்றைக்கு ஒன்பது தட்டையும் ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல் அடுக்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் வண்டி ஒரு தடவை விக்கியது. தம்பி பெடலை அமுக்கினான், எகிறி எகிறி ஓடியது. மாமன் நாசூக்காக வெளியே பார்த்துக்கொண்டார். வையப்பமலைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது, பின்னால் வெள்ளைப் புகை சுருண்டு வந்தது, இன்ஜின் தடதடவென்று உதறிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு எத்தனை தரம் அமுக்கியும் அது கிளம்பவில்லை.

எல்லாரும் இறங்கினோம். நல்ல நேரம் முடிய முக்கால் மணி நேரம் இருந்தது. தம்பி பானெட்டைத் திறக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார்த்தான். ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்துத் தேய்த்தான். எனக்கும் வாடை வந்தது. பிறந்ததிலிருந்து மூக்கில் இருக்கும் வாடை எனக்குத் தெரியாதா? நான் அவன் பக்கத்தில் போய் நின்று, மாமனுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"எவன்டா இதுல டீசல ஊத்துனது?"

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு மாமனைப் பார்த்தான். துணியில் விரலைத் துடைத்தான்.

"நான்தாங்ணா. அவசரத்துல கேன் மாறிப்போச்சு."

படித்தது ஆட்டோமொபைல், பிழைப்பது வண்டியில், அவன் கல்யாணத்துக்கு அவனே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குக் கண் இருட்டியது. அறைந்தேன். அவன் மூக்குக்கண்ணாடி தெறித்து ரோட்டில் விழுந்தது. காலால் மிதித்து நொறுக்கினேன். அதோடு நிற்கவில்லை. டிக்கியைத் திறந்து, தட்டுகளை இழுத்துப் போட்டுவிட்டு, அடிப்பலகையைத் தூக்கி, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருந்த வீல் ஸ்பேனரை எடுத்தேன். உப்பும் சர்க்கரையும் ரோட்டில் கொட்டின. மாமன் கையைப் பிடிக்க வந்தார், தள்ளிவிட்டேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். அவன் ஓடவில்லை. காரில் சாய்ந்துகொண்டு, போதுமுங்ணா, போதுமுங்ணா என்று அவன் வழக்கக் குரலிலேயே சொன்னான். அந்தத் தணிந்த குரல் என்னை இன்னும் ஏற்றியது. மூன்றாவதைத் தலைக்குத்தான் வீசினேன். பொய் சொல்லி என்ன பயன், தலைக்குத்தான். அவன் வலது கையைக் குறுக்கே கொடுத்தான். காய்ந்த கரும்பை முறிக்கிற சத்தம் வந்தது.

வேனில் வந்தவர்கள் ஓடிவந்து என்னை மண்ணில் போட்டு அமுக்கினார்கள். என் மனைவி தம்பியின் கையைத் தன் பட்டுச் சேலை முந்தானையில் வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். கை மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு இடத்தில் மடங்கியிருந்தது. ஒரு வேன் அவனை ஏற்றிக்கொண்டு ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. தாய்மாமன் வேட்டியில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார். எழுபது வயது ஆள், என்னைத் திட்டவும் இல்லை.

"எங்க புள்ளைய நாங்க ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க மாப்ள. இந்த ஊட்டுக்கு அனுப்ப மாட்டோமுங்க" என்றார். அங்கேயே ஒரு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனார்.

தம்பிக்கு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்து ஆறு ஸ்குரு போட்டார்கள். காரை இழுவை வண்டியில் கட்டி இழுத்துப் போனோம். டேங்கை இறக்கிக் கழுவி, குழாயெல்லாம் ஊதி, ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் புதிதாகப் போட்டார்கள். பெட்ரோல் பொறியில் பற்றுவது, டீசல் நசுக்கினால்தான் பற்றும், அதனால்தான் பொறி தட்டத் தட்ட எரியாமல் புகைந்திருக்கிறது என்று அந்த மெக்கானிக் எனக்கே பாடம் எடுத்தான். நாலாம் நாள் கார் புதுசு மாதிரி ஓடியது. பத்தாம் நாள் தம்பி கையில் கட்டோடு வீட்டுக்கு வந்து, துணிமணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு, சேலம் சூரமங்கலத்தில் கூடப் படித்தவன் வைத்திருக்கும் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். போய்ட்டு வாரேன் என்று என் மனைவியிடம் மட்டும் சொன்னான்.

நான் அசரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் படித்த முட்டாள் என்று சொல்லித் திரிந்தேன். கோபம் தப்பு, ஆனால் காரணம் சரி என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் அப்படியே போனது. அப்போது யார்டில் துளைபோடும் பிட்டுகள் நாலைந்து காணாமல் போயின. எந்தத் திருட்டு நாயின் கையை ஒடிக்கலாம் என்று கேமரா பதிவைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே போனேன். ஓட்டியதில் உப்புச்சர்க்கரை நாள் காலை வந்தது.

கேமராவில் நான் வருகிறேன். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். நினைவு வந்தது. ஆந்திராவில் ரிக் ஆட்கள் குழாயை ஆழ்துளைக்குள் சிக்க வைத்துவிட்டார்கள் என்று அவர்களை வறுத்துக்கொண்டிருந்தேன். பிக்கப்புக்கு ஊற்றுகிறேன். லாரிக்கு ஊற்றுகிறேன். மறுபடி கேனை நிரப்பிக்கொண்டு காருக்கு வருகிறேன். கதவைத் திறந்து குனிந்து, சீட்டுக்குக் கீழே இருக்கும் லீவரை இழுக்கிறேன். டேங்க் மூடி திறக்கிறது. அந்த மூடிக்கு உள்பக்கம் 'பெட்ரோல் மட்டும்' என்று ஒரு ஸ்டிக்கர் உண்டு. எனக்காகத் தம்பி தமிழில் எழுதி ஒட்டியது. பெட்ரோல் பங்கில் இந்தத் தவறு நடக்காது, டீசல் நாசில் தடிமன், பெட்ரோல் வண்டியின் வாய்க்குள் நுழையவே நுழையாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றும் அவன் சொல்லியிருந்தான். என்னிடம் புனல் இருந்தது. இருபது லிட்டரையும் நிதானமாக ஊற்றினேன். மூடியை மூடி, சிந்தியதைத் துண்டால் துடைத்து, போகும்போது காரை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தேன்.

கேமராப் பெட்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். டிவியைக் காலால் உதைத்தேன். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு யார்டுக்குப் போய் அது தட்டையாகும்வரை சுத்தியலால் அடித்தேன். அடிக்க வேறு ஆள் இல்லை. என் மனைவி படியில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. கை ஓய்ந்து தரையில் உட்கார்ந்தபோது ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது கம்ப்ரசரின் பிரஷர் மீட்டரைக் கல்லால் அடித்து உடைத்துவிட்டேன். அப்பா பெல்ட்டை எடுத்துக்கொண்டு யார் என்று கேட்டார். ஒன்பது வயதுப் பையன் முன்னால் வந்து, நான்தான் என்றான். அவன் முதுகில் தோல் உரிந்தது. நான் லாரி டயருக்குப் பின்னால் நின்று அடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரவு நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் அந்தக் காரையே எடுத்துக்கொண்டு சூரமங்கலம் போனேன். மேட்டில் முள் நாலாயிரத்தைத் தொடும்வரை அதே கியரில் விட்டேன். அவன் சொன்னபடி வண்டி சத்தம் போட்டுக்கொண்டே இழுத்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் தம்பி ஒரு காரின் பக்கத்தில் நின்று, என்னென்ன வேலை என்று அட்டையில் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து. வலது கையில் கட்டைப் பிரித்திருந்தார்கள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாங்ணா என்றான், ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீ சொல்லி அனுப்பினான். நான் உட்காரவில்லை.

"கேமரா பாத்தேன்" என்றேன்.

அவன் எழுதுவதை நிறுத்தினான். "அத எதுக்குங்ணா பாத்தீங்க" என்றான்.

அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. யார்டில் கேனைத் தொடுகிற ஆள் ஒருத்தன்தான். மூடியைத் திறந்து மோந்த நொடியிலேயே அவன் முழுக்கதையையும் படித்துவிட்டான். அப்புறம் ஏன்டா நீதான் ஊற்றியதாகச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் அட்டையைக் காரின் மேல் வைத்தான். ரயில் ஒன்று ஜங்ஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"அந்த மாமன் பக்கத்துல நின்னாருங்ணா. ஊட்டுக்குப் பெரியவரு நீங்க, உங்க மொகம் சின்னதாப் போயிருமேன்னு சொன்னேன். ஒரு அறையோட உட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

குறையாகச் சொல்லவில்லை. ஒரு வண்டியின் கணக்கில் எங்கே பிசகினோம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். நான் அவன் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத வாய் என்னுடையது, தோளையாவது தொடலாம் என்று கையைத் தூக்கினேன்.

அவனுடைய வலது கை, தகடு வைத்த கை, சட்டென்று எழுந்து முகத்துக்குக் குறுக்கே நின்றது. அவன் தூக்கவில்லை, அது தானாகவே வந்தது. அவனும் அதைப் பார்த்தான், நானும் பார்த்தேன். நான் என் கையைக் கீழே இறக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனும் இறக்கினான்.